அச்சுக்கு ஒரு மரம்

கூத்தனேரி மாரியம்மனுக்குப் புதுத்தேர் செய்து தருவதாகச் செல்லமுத்து ஆசாரி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு, அவர் மனைவி ராணியம்மாள் வாசலில் பெரிய கோலமாகப் போட்டாள். அடுத்த ஆடிக்குத் தேர் ஓடிவிடும் என்று ஆசாரி சொன்னார். அதன் பிறகு ஆறு ஆடி வந்துபோய்விட்டது. தேர் கொட்டகையிலேயே நின்றது.

தியாகதுருகத்துக்கும் சங்கராபுரத்துக்கும் நடுவில், பஸ் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர் கூத்தனேரி. அங்கே ஆசாரிக்கு எப்போதும் உள்ள வேலை கதவு, நிலை, மாட்டு வண்டி, ஏர் இவைதான். தேர் அவர் செய்ததில்லை. வேலையை ஒப்புக்கொண்ட பிறகு ஊர் ஊராகப் போய் நிலையில் நிற்கிற தேர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். வீட்டுப் பின்சுவரில் கரியால் படம் போட்டார். ராணியம்மாள் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று நினைத்தபோதெல்லாம் அந்தச் சுவரை விட்டுவிட்டு அடிக்க வேண்டியிருந்தது.

கோயில் கமிட்டிக்குத் தலைவர் கந்தசாமி. கரும்பும் நெல்லும் போடுகிற பெரிய குடும்பம். "ஊர்ல ஆசாரி இருக்கும்போது வெளியூரான் எதுக்கு?" என்று வேலையைக் கொடுத்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கே நின்றவரும் அவர்தான். தேரின் கீழ்த்தட்டில் யாளிக்கும் அன்னத்துக்கும் நடுவே ஆசாரி ஒரு பலகை செதுக்கியிருந்தார். குனிந்து நடவு நடுகிற ஒரு பெண். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். கையில் நாற்று முடி. அந்தப் பலகையைச் செய்து முடித்த நாளில் அவர் சாப்பிடக்கூட வரவில்லை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கந்தசாமி வந்து பார்த்தார். "இன்னா ஆசாரி இது? சாமி தேருல நடவு நடற பொம்பளை?"

"மாரி மழைக்குத்தானங்க. மழை பேஞ்சா நடவுதானே."

"அதெல்லாம் சரிப்படாது. நாலு ஊர் சனம் சிரிக்கும். எடுத்துடு."

ஆசாரி இழைப்புளியை எடுத்து அந்தப் பெண்ணை இழைத்துத் தள்ளினார். அடுப்படியில் இருந்த ராணியம்மாளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது அந்த இடத்தில் கிளி ஒன்றுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்த எதுத்துப் பேசினா வாயி வெந்துடுமா?" என்று கேட்டாள்.

"தேரு முடியணும் ராணி. அது முடிஞ்சாப் போதும்."

அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. அவர் எதற்கும் கோபப்படுவதில்லை. அவருக்குச் சேர வேண்டிய கோபத்தையும் சேர்த்து அவளே பட வேண்டியிருந்தது.

பெரிய மரத்தை அறுக்க இரண்டு பேர் வேண்டும். மரத்தை மேடைமேல் ஏற்றி, ரம்பத்தின் மேல்பிடியை ஆசாரி பிடிப்பார். கீழே பள்ளத்தில் நின்று மறுபிடியை இழுப்பவன் பாவாடை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் உள்ள காலனிக்காரன். அறுக்கிற தூளெல்லாம் கீழே நிற்பவன் தலையில்தான் கொட்டும். தேர் வேலை தொடங்கியதிலிருந்து அந்தத் தூளில் நின்றவன் அவன்தான். நாள் முழுக்க இழுத்துவிட்டு, தலையைத் தட்டிக்கொண்டு, "ஆசாரி, வரங்க" என்று வெளியிலிருந்தே சொல்லிவிட்டுப் போவான்.

மேல்வேலை எல்லாம் முடிந்து, கடைசியில் அச்சும் சக்கரமும் மட்டும் பாக்கி நின்றன. மொத்தத் தேரின் கனத்தையும் தாங்குவது அச்சுதான். அதற்கு முற்றின இலுப்பைதான் வேண்டும் என்பதில் ஆசாரி பிடிவாதமாக இருந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மனிதர் இந்த ஒன்றில் மட்டும் அசையவில்லை. திருச்சிப் பக்கம் இரும்பில் சக்கரம் வார்த்துத் தருகிறார்களாம், வாங்கிவிடலாம் என்று கந்தசாமி சொன்னார். ஆசாரி கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். அவ்வளவு பெரிய இலுப்பை சுற்றுவட்டத்தில் எந்தக் கொல்லையிலும் இல்லை. கல்வராயன் மலையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கச்சிராயபாளையம் வழியாக மேலே போனார். அங்கே சடையன் என்ற மலைக்காரர் பழக்கம். புளியும் கடுக்காயும் கொண்டுவந்து சந்தையில் விற்பவர்.

சடையன் மரத்தைக் காட்டினார். வெட்டத்தான் விடவில்லை. "இந்தக் கொட்டைய ஆட்டித்தான் கொழம்புக்கு எண்ண எடுக்கறோம். உஞ்சாமி ஒரு நாளு ஊர்வலம் போவறதுக்கு எம்புள்ளைங்க எண்ண இல்லாம திங்கணுமா? நீயே சொல்லு."

ஆசாரி திரும்பி வந்து, "அவன் சொல்றதும் ஞாயந்தான்" என்றார்.

"ஊர்ல இருக்கற எல்லாரு சொல்றதும் உனக்கு ஞாயந்தான். நம்ம ஞாயம் எப்ப வரும்?" என்றாள் ராணியம்மாள்.

மிச்சம் இருந்தது ஒரே மரம். தியாகதுருகம் போகிற சாலையில் மதகு ஓரம் நின்ற இலுப்பை. நாலு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். ஆனால் அது சர்க்கார் மரம். கேட்டுக் கேட்டுப் பார்த்தார். கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பி அந்த மரத்தைப் பார்ப்பார். கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் பார்ப்பார்.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்த சமயத்தில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாதிச் சங்கம் அறிவித்த சாலை மறியல் தொடங்கியது. ஒரு வாரம் மாவட்டமே நின்றுபோனது. சாலையோரப் புளியமரங்களும் வேப்பமரங்களும் குறுக்கே சாய்ந்து கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. பால் கேனோடு வந்தவர்கள் பாலைக் கீழே கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். பிள்ளை வலி கண்ட ஒருத்தியைக் கட்டிலோடு வரப்பு வழியாகத் தூக்கிப் போனார்கள். அங்கங்கே துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தது. கூத்தனேரியிலிருந்தும் இளவட்டங்கள் கோடாலியோடு டிராக்டரில் ஏறிப் போனார்கள். கந்தசாமியின் மகன் வெங்கடேசன் அதில் முன்னால் நின்றான்.

அந்த வாரத்தில் ஒரு நாள், விடிந்து சற்று நேரத்துக்கெல்லாம் பாவாடை ஓடி வந்தான். கரும்புக் கொல்லைக்குத் தண்ணீர் கட்டப் போனவன், கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"ஆசாரி, மதவு மரத்த வுழுத்திட்டாங்க."

ஆசாரி முகத்தில் வந்த மாற்றத்தை ராணியம்மாள் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவர் முகத்தை அப்படி அவள் பார்த்ததில்லை. அளவு நூலையும் சாக்குக்கட்டியையும் எடுத்தார். மரம் செதுக்குகிற வாய்ச்சியை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"சனங்க அல்லாடிக்கினு கெடக்குது. உனக்கு மரம் வுழுந்த சந்தோசமா?"

"நானா வெட்டச் சொன்னேன்? வுழுந்துடுச்சி. வுழுந்தத வீணாக்கணுமா? அடுப்புக்கு வெட்டறதுக்கு முன்னால அச்சுக்கு அளவு பாத்து ஒரு அடையாளம் போட்டுட்டு வந்துடறேன். அப்பறம் போயி யாரக் கேக்கணுமோ கேட்டுக்கலாம்."

"போவாதய்யா. இன்னிக்குப் போவாத."

அவர் போய்விட்டார்.

போலீஸ் வண்டிகள் வந்தபோது வெட்டியவர்கள் ஒருவரும் இல்லை. கரும்புக்குள் இறங்கி ஓடிவிட்டார்கள். சாய்ந்து கிடந்த மரத்தின்மேல் ஒற்றை ஆளாக ஏறி உட்கார்ந்து, கையில் வாய்ச்சியோடு கோடு போட்டுக்கொண்டிருந்தார் செல்லமுத்து ஆசாரி.

"எதுக்குடா வெட்டின?"

பயத்தில் அவருக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "தேருக்குங்க சார்."

கிண்டல் செய்கிறான் என்று நினைத்து அறைந்தார்கள். சட்டையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். அவரைக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்ட செய்தி மறுநாள்தான் ஊருக்கு வந்தது.

ராணியம்மாள் முதலில் போனது கந்தசாமி வீட்டுக்கு. அவர் கொல்லையில் பம்பு செட்டில் இருந்தார்; அங்கே போனாள்.

"ஐயா, உங்களுக்குத் தெரியும், அவுரு வெட்டலன்னு. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா வுட்டுடுவாங்க."

கந்தசாமி வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாதா ராணி? ஆனா இப்ப நான் போயி நின்னா, அவன் இல்லன்னா வேற யாருன்னு கேப்பான். இன்னா சொல்றது? பெத்த புள்ளயக் காட்டிக் குடுக்கறதா?"

"அப்ப எம்புருசன் உள்ள இருக்கணுமா?"

"நான் அப்பிடிச் சொல்லல. கொஞ்சம் அடங்கட்டும். அவன் அம்மன் வேல செய்யறவன். அம்மன் அவனக் கைவுட்டுடுவாளா? எல்லாம் அவ பாத்துக்குவா."

அவள் திரும்பி நடந்தாள். வழியில் கோயில் இருந்தது. எப்போதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறவள், அன்றைக்குச் செருப்போடு விறுவிறுவென்று தாண்டிப் போனாள். மனுஷன் செய்ய வேண்டியதையெல்லாம் அம்மன் தலையில் போட்டுவிட்டு மனுஷன் ஒதுங்கிக்கொள்கிறான். அம்மனும் கல்லாக உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொள்கிறாள். யார்மேல் கோபப்படுவது என்று அவளுக்கு விளங்கவில்லை.

பார்த்த சாட்சி என்று இருந்தவன் பாவாடை ஒருவன்தான். ஆனால் அந்த வாரத்திலேயே காலனியில் சில குடிசைகள் எரிந்துபோயிருந்தன. யார் வைத்த நெருப்பு என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் பேசவில்லை. எரிந்ததில் பாவாடை குடிசையும் ஒன்று. ராணியம்மாள் ஏரிக்கரையைத் தாண்டிக் காலனிக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அது அவளுக்கு நடந்துகொண்டிருக்கும்போதே உறைத்தது.

பாவாடையின் மனைவி சாலம்மாள் சாம்பலைக் கிளறி, நசுங்கிய அலுமினியச் சட்டியை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். பாவாடை கருகின கழியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ராணியம்மாள் வந்த காரியத்தைச் சொன்னாள்.

சாலம்மாள் எழுந்து நின்றாள். "எங்க வூடு எரியச்ச ஊரே பாத்துக்கினு இருந்திச்சே, நீ வந்தியா?"

ராணியம்மாள் எரிந்து கிடந்த கூரையைப் பார்த்தாள்.

"இப்ப உம்புருசன் உள்ள போனதும் உனக்கு வழி தெரிஞ்சிடுச்சி. இவரு போயி வெங்கடேசன்தான் வெட்டினான்னு சொன்னா, அடுத்த நாளு இந்தக் கழியும் மிஞ்சாது. ஆறு வருசமா இந்த மனுசன் தூளத் தின்னுக்கினு உங்க மரத்த அறுத்தாரு. ராத்திரி ராத்திரி இருமறாரு. நல்லாக் கேளு ஆசாரியம்மா. அந்தத் தேரு எங்க தெருவுக்கு வருமா?"

வராது. பழைய தேரும் வந்ததில்லை. ஏரிக்கரை முனையில் திரும்பிவிடும். காலனிக்காரர்கள் அந்த முனையில் வந்து நின்று கும்பிட்டுக்கொள்வார்கள். இத்தனை வருஷமாக அதை ராணியம்மாள் ஒரு கேள்வியாகவே நினைத்ததில்லை. புருஷனுக்கு ஞாயம் கிடைக்கவில்லை என்று வருஷக்கணக்காகப் புழுங்கினவளுக்கு, கண்ணெதிரில் நின்ற இந்த ஞாயம் கண்ணில் படவே இல்லை.

"சாலா, வுடு" என்றான் பாவாடை. ராணியம்மாளைப் பார்த்து, "நீங்க போங்கம்மா" என்றான். அவ்வளவுதான்.

பஸ் ஓடத் தொடங்கியதும் ராணியம்மாள் மலைக்குப் போனாள். வெங்கடேசன் சடையன் வீட்டுப் பக்கம் ஒளிந்திருப்பதாக ஊரில் அரசல் புரசலாகப் பேச்சு இருந்தது. கச்சிராயபாளையம் தாண்டி ஏறுகிற வழியில் இறங்கி, விசாரித்து விசாரித்து நடந்தாள். மழை பெய்து பாறையெல்லாம் வழுக்கியது. சடையன் அவளைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் கூரைக்குப் பின்னால் கை காட்டினார்.

வெங்கடேசன் சாமைச் சோறு தின்றுகொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தான்.

"தின்னு. தின்னுட்டே பேசு" என்றாள். "நீ வெட்டின மரத்துக்கு எம்புருசன் களி தின்னுக்கினு கெடக்கறாரு."

"அத்த, நாங்க மரத்துக்காவ வெட்டல. பிளஸ் டூல நான் எடுத்த மார்க்குக்கு ஒரு சீட்டு கெடச்சிதா? எங்கூட்டுல மொதமொதப் படிச்சவன் நான். சும்மா கேட்டா எவன் திரும்பிப் பாக்கறான்?"

"கேளுடா. கேக்க வேணாம்னு சொல்லல. உனக்கு ஞாயம் கேக்கப் போன நீ, எம்புருசனுக்கு அந்த ஞாயத்தக் குடுக்கலாமில்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கண் கலங்கியது. "நான் வரேன் அத்த. வெள்ளிக்கெழம எறங்கி வந்து நானே சொல்லிடறேன். அம்மன் மேல சத்தியம்."

அவன் உண்மையாகத்தான் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்கிற நிமிஷத்தில் எல்லாரும் உண்மையாகத்தான் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருந்தாள். அவன் வரவில்லை. அவன் அப்பா ஆளை அனுப்பிச் சேலம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு மாற்றிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பும்போது சாலம்மாள் எதிரில் வந்தாள். விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, யாரையோ திட்டுகிற குரலில் சொன்னாள்: "எம்புருசன் போனாரு. எனக்குச் சொல்லாமப் போனாரு. மரம் வுழுந்தப்பறம் நாந்தான் ஆசாரிக்குச் சேதி சொன்னேன்னு போலீஸ்ல போயி சொன்னாராம். நீயும் கூட வெட்டினியான்னு கேட்டு முட்டியில நாலு போட்டு தொரத்திட்டாங்க. இப்ப நொண்டிக்கினு கெடக்கறாரு. அதான் உனக்குச் சொல்றேன். தெரிஞ்சிக்கோ."

ராணியம்மாள் அவள் கையைப் பிடிக்கப் போனாள். சாலம்மாள் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐப்பசி கடைசியில் சங்கத்து வக்கீல் உள்ளே இருந்தவர்கள் எல்லாருக்கும் மொத்தமாக ஜாமீன் வாங்கினார். அந்த மொத்தத்தில் செல்லமுத்து ஆசாரியும் வந்துவிட்டார். தியாகதுருகம் பஸ் நிலையத்தில் கூட்டம் கூடியிருந்தது. வேட்டு வெடித்தார்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும் மாலை போட்டார்கள். ஆசாரிக்கும் போட்டார்கள். ஒருவர் மைக்கில், "மதகு இலுப்பையைத் தன்னந்தனியாகச் சாய்த்த மாவீரர்" என்றார்.

"நான் வெட்டலீங்க" என்றார் ஆசாரி.

வேட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும் கேட்டது. "அடக்கத்தப் பாரு" என்று சொல்லி அவர் இன்னொரு மாலை போட்டார். அடி வாங்கியதும் செய்யாததற்கு, மாலை வாங்கியதும் செய்யாததற்கு. கூட்டத்துக்கு வெளியே நின்ற ராணியம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தவர் அவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "மரம் இன்னா ஆச்சி?"

மரத்தைத் துண்டு போட்டு ஏலம் விட்டுவிட்டார்கள். எடுத்தவன் செங்கல் சூளைக்காரன். எல்லாம் எரிந்து சாம்பலாகிவிட்டது. அதைச் சொன்னபோது ஆசாரி அங்கேயே ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டார். ஜெயிலுக்குப் போன மனுஷன் கலங்காமல் வந்து, மரம் எரிந்ததற்கு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் ராணியம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். கந்தசாமி சொன்னது, சாலம்மாள் கேட்டது, வெங்கடேசன் வராமல் போனது, பாவாடை வாங்கிய அடி. அவர் கேட்டுக்கொண்டார். "ம்" என்றார்.

தை பிறந்ததும் கந்தசாமி ஒரு டிராக்டரில் பெரிய இலுப்பை மரம் ஒன்றைக் கொண்டுவந்து கொட்டகை முன்னால் இறக்கினார். சங்கராபுரம் தாண்டித் தொலைவில் சாலையில் விழுந்த மரமாம். ஏலத்தில் எடுத்தாராம். ஆசாரி கண்ணைப் பார்க்காமல், "அம்மன் கண்ணத் தொறந்துட்டா ஆசாரி. வேலயப் பாரு" என்றார்.

ஆசாரி மரத்தைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். "நல்ல மரம்" என்றார்.

"இவங்க குடுத்த மரத்தத் தொடுவியா நீ?" என்று அன்றைக்கு ராணியம்மாள் கத்தினாள். "உன்ன உள்ள தள்ளிட்டு, அந்தப் பாவத்தக் கழுவறதுக்கு மரம் குடுக்கறான். அதுல போயி அச்சு செய்வியா?"

"மரம் இன்னா பண்ணிச்சி?" என்றார் அவர்.

மறுநாள் பாவாடை நொண்டிக்கொண்டே வந்து பள்ளத்தில் இறங்கினான். ரம்பம் ஓடியது. வேலை முடிகிற வரைக்கும் ஆசாரி வேறு உலகத்தில் இருந்தார். சோற்றைக் கொண்டுபோய் வைத்தால் ஆறிப்போய்க் கிடக்கும். இந்த மனுஷனுக்கு மரத்தைத் தவிர எதுவும் வலிக்காது என்று ராணியம்மாள் முடிவு கட்டினாள். அவர் கை வேலையைப் பார்க்கும்போது மட்டும் அவளுக்கு அந்தக் கோபம் தங்கவில்லை. சக்கரத்தின் நடுக் குடத்தைக் கடைந்து நிறுத்தியபோது, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். இவ்வளவு அழகாகச் செய்யத் தெரிந்தவருக்கு ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லையே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

ஆனியில் கமிட்டி கூடியது. தேர் போகிற வழி பழைய வழியே என்று கந்தசாமி சொல்லி முடித்தார். எல்லாரும் எழுந்திருக்கப் போனார்கள். அப்போது ஆசாரி எழுந்தார்.

"ஒரு சின்ன விசயங்க. ஏரிக்கரை முனையில திரும்பாம, காலனி வரைக்கும் போயி வரட்டும்."

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சிலர் சிரித்தார்கள்.

"வழக்கமில்லாத பேச்செல்லாம் எதுக்கு ஆசாரி?" என்றார் கந்தசாமி.

"இந்தத் தேரு மரத்துல பாதி அறுத்தது பாவாடைங்க. கீழ நின்னு அறுத்தான். எனக்காவ அடி வாங்கினான். அவன் வாசலுக்குப் போவாத தேருக்கு நான் அச்சு பூட்ட மாட்டேன்."

ராணியம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பல மாதம் அந்த 'ம்'முக்குள் இது இருந்திருக்கிறது. அவள் அறியவே இல்லை.

கூட்டம் கத்தியது. ஜெயிலுக்குப் போய் வந்த திமிர் என்றார்கள். தேர் ஊர்ச் சொத்து என்றார்கள். கந்தசாமி கடைசியாகக் கேட்டார்: "பூட்ட மாட்டியா?"

"மாட்டேன்."

"நல்லா யோசிச்சிக்கோ. பூட்டறதுக்கு ஆளா இல்ல?"

ஆள் இருந்தது. நைனார்பாளையத்திலிருந்து ஓர் ஆசாரி வந்தார். ஆறு வருஷம் நின்ற தேருக்கு அரை நாளில் அச்சைப் பூட்டிவிட்டுப் போனார். செல்லமுத்து செய்த அச்சு, செல்லமுத்து செய்த சக்கரம். அளவு பிசகாமல் உட்கார்ந்துவிட்டது.

பாவாடைக்கும் கோபம். "யாரு உங்களக் கேக்கச் சொன்னது? இப்ப கரும்பு வெட்டுக்கு எங்க ஆளுங்க யாரையும் கூப்புட மாட்டறாங்க. தேருக்கு நான் கேட்டனா ஆசாரி? கூரைக்குக் கீத்து இல்லாம கெடக்கறோம்."

ஆசாரி கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார். "தப்பாப் போச்சா பாவாடை?" என்று கேட்டார்.

பாவாடை முட்டியைத் தேய்த்துக்கொண்டான். "தப்புன்னு சொல்லல" என்றான். பிறகு, "ஆனா கஷ்டமாப் போச்சி" என்றான்.

ஆடியில் தேர் ஓடியது. நாலு ஊர் சனம் வந்தது. ஆசாரி வீட்டுக்குள்ளேயே படுத்துக்கொண்டார். தேர் அவர்கள் தெருவுக்குள் வந்தபோது தரை அதிர்ந்தது. ராணியம்மாள் வாசலில் வந்து நின்றாள். தட்டு எடுத்து வரவில்லை, கற்பூரம் ஏற்றவில்லை. கும்பிடக் கூடாது என்றுதான் வந்து நின்றாள். ஆனால் தேர் எதிரே வந்தபோது, யாளியும் அன்னமும் கிளியும் வெயிலில் மின்னிக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்றாக எழுந்து நின்றபோது, கை தானாகக் குவிந்தது. அந்தக் கும்பிடு தேருக்குள் இருந்தவளுக்கா, வீட்டுக்குள் படுத்திருந்தவருக்கா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. குவித்த கையோடு மனதுக்குள் அம்மனைக் கேட்டாள்: 'வழி தெரிஞ்சும் திரும்பிப் போறியே, உனக்குக் கூசல?' தேர் அவள் கேள்வியையும் இழுத்துக்கொண்டு போய், ஏரிக்கரை முனையில் திரும்பியது.

அதன் பிறகு உள்ளூரில் ஆசாரிக்கு வேலை குறைந்துபோனது. ஆனால் தேரைப் பார்த்துவிட்டுப் போன வெளியூர்க்காரர்கள் தேடி வந்தார்கள். வருகிறவர்களை உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு ஆசாரி கேட்கிற முதல் கேள்வி, "உங்க ஊர்ல தேரு எந்தெந்தத் தெருவுக்குப் போவும்?" என்பதுதான். ஒரு ஊர்க்காரர்கள் மோரைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். இன்னொரு ஊர்க்காரர்கள் குடித்துவிட்டு, கலந்து பேசிச் சொல்வதாகப் போனார்கள். வரவில்லை.

"இப்பிடியே கேட்டுக்கினு இரு. சோத்துக்கு இன்னா செய்யறது?" என்றாள் ராணியம்மாள். ஆனால் அவர் கேட்க மறந்துவிடுவாரோ என்று, யார் வந்தாலும் மோர்ச் செம்போடு வந்து பக்கத்திலேயே நின்றுகொள்வாள்.

மார்கழி முடிகிற சமயத்தில், மலையடிவாரத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். காட்டோரம் இருக்கிற சின்ன ஊர். பெரிய தேர் வேண்டாம், தோளில் தூக்குகிற அளவுக்கு ஒன்று போதும் என்றார்கள். ஆசாரி வழக்கம்போல் கேட்டார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"எங்க ஊர்ல இருக்கறதே ஒரு தெருதாங்க."

ராணியம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு, வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வந்தவர்களுக்கு எதற்கென்று விளங்கவில்லை. ஆசாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக எழுந்துபோய்ச் சுவரில் கரி எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார்.